கடலாமையும் தமிழர் கடற்கரையும்

கடற்காற்று எட்டாத தில்லி மாநகரில் வாழும் நமக்குக் கடலாமையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். ஆயின் இந்நகரத்திற்கும் ஆமைக்கும் தொடர்பில்லாமற் போகவில்லை. அகிச்சத்திரத்தில் கிடைத்த குப்தர் காலத்துச் சுடுமண் சிற்பங்கள் இரண்டு தில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒன்று கங்கை, மற்றொன்று யமுனை. கங்கைக்கு மகரம் ஊர்தி. யமுனைக்கு ஆமை ஊர்தி. நாள்தோறும் பேருந்திலும் மெட்ரோவிலும் நாம் கடந்து செல்லும் ஆறு, ஆமையைத் தன் ஊர்தியாகக் கொண்ட ஆறு.

தமிழகத்திலோ ஆமையின் நிலை இரண்டுங்கெட்டது. திருமாலின் இரண்டாம் தோற்றம் என்று கூர்மத்தைக் கைகூப்பித் தொழுகிறோம். வள்ளுவர் புலனடக்கத்திற்கு உவமையாக எடுத்துக்கொண்டதும் ஆமையையே. அதே நாவால், "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா" என்றும் பழமொழி கூறுகிறோம். அரசு அலுவலகக் கோப்பு நகரவில்லையென்றால் 'ஆமை வேகம்' என்கிறோம். அந்த வசையை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் எழுத்தர் இனத்தைச் சேர்ந்தவன் என்ற உரிமையாலேயே ஆமைக்காக ஈண்டு நான்கு சொற்கள் பேசத் துணிந்தேன். அந்த உயிரினத்துக்கும் தமிழ்க் கடற்கரைக்கும் உள்ள உறவின் வரலாற்றை இக்கட்டுரையிற் காண்போம்.

ஐவகை ஆமைகள்

உலகக் கடல்களில் எழுவகை ஆமைகள் உள்ளன. அவற்றுள் ஐந்து வகை இந்தியக் கடல்களிற் காணப்படுவன. நம் பரதவர் இவ்வைந்திற்கும் தனித்தனியே பெயரிட்டுள்ளனர். பங்குனித் திங்களையொட்டி மிகுதியாகக் கரையேறுவதாற் பங்குனி ஆமை எனவும், உருவிற் சிறியதாதலின் சிற்றாமை எனவும் வழங்குவது ஒன்று. கடற்புல் மேய்ந்து பெருத்து வளர்வது பேராமை. கிளிமூக்குப் போன்ற அலகும், சீப்புக்கும் சிமிழுக்கும் பயன்பட்ட அழகிய ஓடும் உடையது அலுங்காமை. தலை பெருத்தது பெருந்தலை ஆமை. ஓட்டிற்கு மாறாகத் தோலே போர்வையாய், முதுகில் நெடுவரிகள் ஓட, எல்லாவற்றினும் பெரிதாய் விளங்குவது ஏழுவரி ஆமை. தோணியாமை என்பதும் அதுவே.

இவையனைத்தும் நீர்வாழ்வனவேயாயினும் நுரையீரலால் மூச்சுவிடுவன. ஆதலின் அவ்வப்போது நீர்மட்டத்திற்கு வந்தே தீரவேண்டும். வாழ்நாள் முழுதும் கடலில் இருப்பினும், முட்டையிடப் பெண்ணாமை கரைக்கு வந்தே தீரவேண்டும். ஒன்று மூச்சு, மற்றொன்று முட்டை. ஆமைக்கு மனிதனால் விளைந்த கேடு முழுவதும் இவ்விரண்டு கட்டாயங்களின் வழியாகவே வந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சங்கப் புலவர் கண்ட ஆமை

அகநானூற்றின் 160ஆம் பாடல் நெய்தல் நிலத்துக் காட்சியொன்றைக் காட்டுகிறது. நிறைசூல் கொண்ட ஆமை, அடும்பங்கொடி சிதையும்படி மணல்மேட்டில் ஏறி வருகிறது. வெண்மணலில் முட்டைகளை இட்டுப் புதைத்து மறைக்கிறது. அம்முட்டை யானைக் கோட்டாற் செய்த வட்டுப் போன்ற வடிவினது; புலால் நாறுவது. குஞ்சு வெளிப்படும் வரையில் ஆண் ஆமை அதனைக் காத்து நிற்கிறது என்கிறது பாட்டு.

இன்று கடற்கரையில் ஆராய்ச்சி செய்வோர் குறித்துவைக்கும் செய்திகளுள் பலவும் இதில் அடங்கிவிட்டன. அடும்பு வளரும் மேட்டுமணலே ஆமை நாடும் இடம். கொடியை அறுத்துக்கொண்டு அது ஏறிய தடமே கூட்டைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளம். முட்டையின் உருண்டை வடிவமும் வெண்மையும் அதன் நாற்றமும் புலவர் நேரிற் கண்டவையே. ஒரு செய்தி மட்டும் உண்மைக்கு மாறுபட்டது. குஞ்சாய்க் கடலிறங்கிய ஆண் ஆமை பின்னர் நம் கரைகளில் ஏறுவதில்லை. பெண்ணும் முட்டையை மூடிவிட்டு ஒரு மணி நேரத்திற்குள் கடலுக்குத் திரும்பிவிடும். மீண்டும் வந்து பார்ப்பதில்லை. அந்த முட்டைக்குக் காவல் எவருமில்லை. புலவருக்கு அந்தத் தனிமை பொறுக்கவில்லை போலும். ஒரு காவலனை நிறுத்திவிட்டார்.

குறுந்தொகையும் ஐங்குறுநூறும் ஆமைக் குஞ்சு தாயின் முகத்தை நோக்கியே வளர்கிறது என்ற நம்பிக்கையைக் காதலுக்கு உவமையாக்கின. பறவை அணைத்துப் பொரிக்கும், மீன் பார்த்துப் பொரிக்கும், ஆமை நினைத்துப் பொரிக்கும் என்று பிற்காலச் சைவ நூலோர் தீக்கை வகைகளுக்கு விளக்கம் கூறினர். நினைத்த மாத்திரத்திற் பொரிப்பது உண்மையன்று. மணலின் வெம்மையே பொரிக்கிறது. அவ்வெம்மை மிகுந்தால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன என்று அறிவியல் கண்டுள்ளது.

முன்னோர் அனைவரும் ஆமையை வணங்கி விலகியிருந்தனர் என்று நாம் பெருமை பேசவேண்டுவதில்லை. வயலாமையை வேகவைத்து உண்ட காவிரிப்பூம்பட்டினத்து மக்களைப் பட்டினப்பாலையே காட்டுகிறது. தம் வயிற்றுக்காக ஒன்றிரண்டைப் பிடித்ததனால் ஓர் இனம் அழிந்துவிடவில்லை. வயிற்றைக் கடந்து வாணிகம் நுழைந்தபோதே கேடு தொடங்கியது.

ஓடும் ஊனும் குருதியும்

அவ்வாணிகமும் பழமையானதே. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடற் செலவு நூலாகிய 'பெரிப்ளூசு', முசிறி, நெற்குன்றம் முதலிய துறைகளிற் கிடைத்த பொருள்களுள் ஆமையோட்டையும் கூறுகிறது. பொன்னாடு என்ற கீழ்த்திசைத் தீவிலிருந்து வந்த ஓடும், தமிழகத்தை அடுத்த தீவுகளிற் பிடித்த ஆமையின் ஓடும் அங்கு விற்கப்பட்டன. மிளகும் முத்தும் ஏறிய கலத்தில் அலுங்காமை ஓடும் ஏறி உரோமாபுரிச் செல்வர் இல்லங்களுக்குச் சென்றது.

இடைப்பட்ட நூற்றாண்டுகளைக் கடந்து ஆங்கிலேயர் காலத்திற்கு வருவோம். 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றச் செயலராகப் பணியாற்றிய எமர்சன் தென்னன்ட் என்பார், அத்தீவின் உயிரினங்களைப் பற்றி எழுதிய நூலில் இரண்டு செய்திகளைப் பதிந்துள்ளார். ஒன்று வியப்பளிப்பது, மற்றொன்று நெஞ்சை வருத்துவது.

1826ஆம் ஆண்டில் அம்பாந்தோட்டைக்கு அருகே ஓர் அலுங்காமை பிடிபட்டது. அதன் துடுப்பில் ஒரு வளையம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒல்லாந்த அதிகாரி ஒருவர், ஆமை தான் வந்த கரைக்கே மீண்டும் வருகிறதா என்பதை அறியும் பொருட்டு மாட்டிய வளையம் அது. அரசு மாறிற்று, கொடி மாறிற்று, ஆமை அதே கரைக்கு வந்தது. இன்று ஆராய்ச்சியாளர் உலோக வில்லை பொருத்தி, செயற்கைக்கோள் வழியே பின்தொடர்ந்து ஆராயும் வினாவை அன்றே ஒருவர் எழுப்பியிருக்கிறார்.

மற்றொரு செய்தி யாழ்ப்பாணச் சந்தையைப் பற்றியது. அங்கே ஆமையைக் கொன்றபின் விற்பதில்லை. உயிரோடு மல்லாத்தி, அடியோட்டை அகற்றி, வாங்குவோர் கேட்ட பகுதியை அவ்வப்போது அரிந்து கொடுப்பர். இதயம் இறுதிவரை துடித்துக்கொண்டிருக்கும் என்று தென்னன்ட் எழுதுகிறார். நம் இனத்தவர் ஊர்ச்சந்தையில் நடந்த கொடுமை இது என்பதை மறைப்பதால் பயனில்லை.

பாக்கு நீரிணைக்கு இப்பாலும் நிலை வேறன்று. மன்னார் வளைகுடாவின் கடற்புல் வெளிகளில் பேராமைகள் மேய்ந்தன. அவற்றைப் பிடிக்கவே தனி வலைகள் இருந்தன. பிடித்த ஆமைகளை ஆழமற்ற நீரில் பட்டியடைத்து வைத்திருந்து, தொகை சேர்ந்தபின் தோணியேற்றி இலங்கைக்கு அனுப்பினர். பாம்பன், கீழக்கரை, தூத்துக்குடி ஆகிய ஊர்கள் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றவை. தூத்துக்குடியில் ஆமையின் சூடான குருதியைக் குவளையிற் பிடித்துக் குடிக்கும் வழக்கமும் இருந்தது. மூலநோய்க்கும் இரத்தச் சோகைக்கும் இளைப்புக்கும் அது மருந்து என்று நம்பினர்.

சட்டம் பிறந்த வரலாறு

இந்நிலையில்தான் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. இந்தியக் கடல்களின் ஆமைகள் 1977இல் அச்சட்டத்தின் முதற் பட்டியலின் காப்பைப் பெற்றன. புலிக்கு என்ன காப்போ அதுவே பங்குனி ஆமைக்கும் என்றாயிற்று. ஓடு, ஊன், முட்டை ஆகிய எதனையும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். இன்று இக்குற்றத்திற்கு மூன்றாண்டிற்குக் குறையாத சிறைத்தண்டம் உண்டு.

சட்டம் தாளில் ஏறிவிட்டது. கடலிலோ படகுகள் வேறு கணக்குப் போட்டன. ஒரிசாவின் ககிர்மாதா கரையில் இலட்சக்கணக்கான பங்குனி ஆமைகள் சில இரவுகளுக்குள் ஒருங்கே ஏறி முட்டையிடும் அரிய காட்சியை, முதலை ஆய்வுக்காக வந்திருந்த இராபர்ட் பஸ்டர்டு 1974இல் உலகிற்கு எடுத்துக் கூறினார். அப்பகுதியில் முட்டை அள்ளுவோரிடம் வரி வாங்கி உரிமம் அளிக்கும் வழக்கம் அதுகாறும் இருந்தது. 1975இல் பிதர்கனிகா சரணாலயம் அமைந்தபின் அது நின்றது. முட்டை தப்பியது, தாய் தப்பவில்லை. வங்காளத்தின் திகா முதலிய துறைகளில் ஆயிரக்கணக்கான ஆமைகள் கரையேற்றப்பட்டு, கல்கத்தாச் சந்தைக்குச் சென்றன.

இவ்விடத்தில் ஒரு பெண்ணின் பெயரைப் போற்றுதல் நம் கடமை. சென்னை எத்திராசு கல்லூரியில் விலங்கியல் பயின்று, சென்னைப் பாம்புப் பண்ணையில் தொண்டராகச் சேர்ந்தவர் ஜெ. விஜயா. ஆமை வெட்டப்படும் துறைகளுக்குத் தாமே சென்று கண்டதைப் படமெடுத்தார். அப்படங்கள் 1982இல் ஆங்கில இதழொன்றில் வெளிவந்தன. தலைமையமைச்சர் இந்திரா காந்தி அம்மையாரின் பார்வைக்கு அவை சென்றன. கடலோரக் காவற்படை சுற்றுக்காவலுக்கு அனுப்பப்பட்டது. 'ஆமை வேகம்' என்று ஏசப்படும் இத்தில்லி நகரத்துக் கோப்பு ஒன்று, ஆமையின் பொருட்டு விரைந்து நகர்ந்தது என்பதை எழுத்தனாகிய நான் பெருமிதத்தோடு எண்ணிப்பார்ப்பதுண்டு. அன்று தொடங்கிய கடற்காவல் 'ஆலிவியா' என்ற பெயரில் இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

விஜயா 1987இல், முப்பது வயது நிரம்புமுன் மறைந்தார். மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் அவர் தேடி ஆராய்ந்த அரிய ஆமையினத்திற்கு 2006இல் அறிவியலார் 'விஜயாகெலிஸ்' என்று அவர் பெயரையே சூட்டினர். நம் பெண்மக்களுக்குச் சொல்லவேண்டிய வரலாறு இது.

இழுவலை

வேண்டுமென்றே கொல்லும் கொலை குறைந்தது. வேண்டாமலே நிகழும் கொலை வளர்ந்தது. 1950களில் நார்வே நாட்டின் உதவியுடன் கேரளத்தில் புகுந்த விசைப்படகு மீன்பிடிப்பு, இறால் ஏற்றுமதியின் வரவால் இரு கரைகளிலும் பரவியது. கடலடியைத் துழாவிச் செல்லும் இழுவலை, மணிக்கணக்கில் நீருக்குள்ளேயே இழுபடும். அதிற் சிக்கிய ஆமை மூச்சுக்காக மேலே வர இயலாது. வலை தூக்கப்படும்போது பெரும்பாலும் பிணமே வரும். விலைபோகாத அப்பிணத்தைக் கடலில் எறிவர். அலை கரையிற் சேர்க்கும். 1990களின் பிற்பகுதியில் ஒரிசாக் கரையில் மட்டும் ஆண்டிற்குப் பதினாயிரத்திற்கு மேற்பட்ட ஆமைகள் இவ்வாறு ஒதுங்கின.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. வலையின் கழுத்தில் சாய்வாகக் கம்பிச்சட்டம் ஒன்றைப் பொருத்தி, மேலே ஒரு திறப்பு வைத்துவிட்டால், இறால் கம்பியிடை நுழைந்து பின்னே செல்லும். ஆமை சட்டத்தில் மோதித் திறப்பின் வழியே வெளியேறும். இக்கருவியில்லாத வலையிற் பிடித்த இறாலை வாங்கமாட்டோம் என்று அமெரிக்கா 1989இற் சட்டம் செய்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 1998இல் தீர்ப்பு வந்தது. ஆமையைக் காக்கும் நோக்கம் தகும். நாடுகளிடையே வேறுபாடு காட்டிச் செயற்படுத்திய முறை தகாது என்பது அதன் சாரம். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கேற்ற கருவியை உருவாக்கித் தந்தது. ஆயினும் மீனும் இறாலும் சிறிது தப்பிவிடும் என்ற அச்சத்தால் படகுக்காரர் பலர் அதைப் பொருத்துவதில்லை. 2019இல் அமெரிக்கா நம் கடலிறாலுக்கு மீண்டும் கதவடைத்தது.

மீனவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையன்று. கடன்பட்டுப் படகு வாங்கியவனுக்கு ஒவ்வொரு நாளும் டீசல் செலவு நிற்கிறது. கட்டுமரக்காரனோ தன் வலையைக் கிழிக்கும் விசைப்படகால் ஆமையைப் போலவே பாதிக்கப்பட்டவன். வலையில் வந்த ஆமையைத் தெய்வமென்று கும்பிட்டுக் கடலில் விடும் பரதவரும் பலர். கரையையொட்டிய மூன்று கடல் மைல் பரப்பைச் சிறு படகுகளுக்கென ஒதுக்கியே 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் செயலுக்கு வந்தது. அதனை மீறாதிருந்தாலே ஆமையும் கட்டுமரக்காரனும் ஒருங்கே பிழைப்பர். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆமை கரைநாடும் காலமோ சனவரி முதல் மார்ச்சு முடிய. தடை வருமுன்பே தாய் ஆமைகள் வந்து போய்விடுகின்றன.

சென்னைக் கரையில் ஓரிரவு

1970களின் தொடக்கத்தில், பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் இரவு நடந்து ஆமைக் கூடுகளைத் தேடினர். முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்திற் புதைத்துக் காத்தனர். பின்னர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் தமிழக வனத்துறையும் அப்பணியைத் தொடர்ந்தன. 1988 முதல் சென்னை மாணவர்கள் தமக்கென ஓர் அமைப்புக் கண்டு இன்றளவும் நடந்து வருகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் மாசித் திங்களில் விடுப்பெடுத்துச் சென்னை சென்றிருந்தபோது, அவர்களோடு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடக்கும் வாய்ப்புக் கிட்டியது. தில்லியிற் பிறந்து வளர்ந்த என் மகளும் உடன் வந்தாள். முதலில் எதிர்ப்பட்டது செத்த ஆமை ஒன்று. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது. இன்னும் அரைமணி நடந்தபின், ஈரமணலில் உழவு இயந்திரத்தின் சக்கரம் உருண்டதுபோல் ஒரு தடம். மாணவர் ஒருவர் கோலால் மணலை மெல்லக் குத்திப் பார்த்து, பிறகு கையாலேயே தோண்டினார். நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள். "மேசைப்பந்து மாதிரி இருக்கிறது" என்றாள் மகள். அகநானூற்றுப் புலவருக்குத் தந்தத்தால் ஆன வட்டு நினைவுக்கு வந்தது; என் மகளுக்கு மேசைப்பந்து. அவரவர் காலத்து விளையாட்டுப் பொருள்.

"அம்மா ஆமை திரும்பி வந்து பார்க்காதாப்பா?" என்று கேட்டாள்.

"பார்க்காது."

"அப்போ யார் பார்த்துப்பா?"

நான் விடை கூறவில்லை. முட்டைகளைத் துணிப்பையில் எண்ணி இட்டுக்கொண்டிருந்த மாணவரை அவளே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் அக்குஞ்சுகள் பொரித்து வெளிவரும். கடலின்மேல் தோன்றும் மெல்லிய ஒளியை நோக்கி ஓடுவது அவற்றின் இயல்பு. கரையோர விளக்குகளின் ஒளி கடலொளியினும் மிகுந்தால், கடலென்று எண்ணிச் சாலைக்கு ஓடி மாயும். கடலை அடைந்தவற்றுள்ளும் ஆயிரத்தில் ஒன்றே முழு வளர்ச்சி பெறும் என்பர். பத்துப் பதினைந்தாண்டு கழித்துத் தாயாகி, தான் பிறந்த கரைப்பகுதியை நாடி அது வரும்.

வரும்போது கரை இருக்குமா?

அது வரும்போது கரை இருக்கவேண்டுமே என்பதுதான் கவலை. சென்னைத் துறைமுகப் பணி 1870களில் தொடங்கிய பின் அதன் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே கடல் ஊரைத் தின்றது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினர். கல்லின்மேல் ஆமை ஏறாது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அலைவாய் வரை சவுக்கு நட்ட இடங்களில், அடும்பு படர்ந்த திறந்த மணல்மேடு இல்லாமற் போயிற்று.

2025ஆம் ஆண்டின் தொடக்கம் இரு காட்சிகளை ஒருங்கே காட்டியது. ஒடிசாவின் உருசிகுல்யா கழிமுகத்தில் ஏறத்தாழ 7 இலட்சம் ஆமைகள் முட்டையிட்டன. அதே பருவத்தில், சனவரித் திங்களில், சென்னையையும் அண்டை மாவட்டங்களையும் சார்ந்த கரைகளில் ஆயிரத்திற்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதாகச் செய்திகள் வந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. ஒடிசாவில் நவம்பர் முதல் மே முடிய ஆமைக்கரைகளை அடுத்த கடலில் மீன்பிடிக்கத் தடை உள்ளது. காத்தால் பிழைக்கும், காவாவிடில் மாயும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பிழைப்புக்காகக் கடந்து வந்து, ஆண்டுக்கொருமுறை ஊர்க்கரையைத் தேடிச் செல்லும் நமக்கு இவ்வுயிரின் செலவும் மீள்வும் சொல்லாமலே விளங்கும். நாம் செய்யத்தக்கன பெரியன அல்ல. விடுமுறையில் கடற்கரை விடுதியில் தங்கினால் கடல்நோக்கிய விளக்கை இரவில் அணைத்து வைக்கலாம். ஆமையோட்டுப் பொருளை எவர் விற்றாலும் வாங்காதிருக்கலாம். பிள்ளைகளை ஒருமுறை அம்மாணவரோடு நடக்கவிடலாம். அரசுப் பணியிலுள்ளோர், கடலைப் பற்றிய கோப்பு மேசைக்கு வரும் நாளில் அதனை அடியில் வைக்காது மேலே வைக்கலாம்.

ஆண் ஆமை முட்டையைக் காத்து நிற்கிறது என்று அன்றைய புலவர் பாடினார். அப்படி ஒரு காவலன் கடலிலிருந்து வரப்போவதில்லை. அந்தக் காவலுக்கு நம் வீட்டுப் பிள்ளைகளேனும் செல்வாராக.